மறுப்பதற்கில்லை என்று எழுதியவன்

பட்டறையின் மேற்கு மூலையில் ஒரு டீசல் பீப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முழுக்கக் கான்கிரீட். கூரையின் இரும்பு உத்தரத்திலிருந்து, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு வெள்ளைக் கயிறு அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. பீப்பாயின் அடிவிளிம்பு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில் பக்கத்துத் தூணில் ஒரு சாக்பீஸ் கோடு, கோட்டின் ஓரத்தில் தேதி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக ஒரு கோடு விழும். முதல் வாரக் கோட்டுக்குக் கீழே இரண்டாம் வாரக் கோடு, அதற்கும் கீழே மூன்றாவது. சித்திரை மாதம். தலைக்கு மேல் தகரக் கூரை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், பட்டறைக்குள் நுழைந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

பீப்பாயைத் தொங்கவிட்டவர் என் தங்கையின் கணவர். மாப்ள என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்க மச்சான், பேரு மட்டும் போடாதீங்க" என்றார். யாருடைய பெயரை என்று நான் கேட்கவில்லை. தன் பெயரைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். என் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இரண்டு பேர் பாய்மரப் படகு கட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் கப்பல் வடிவமைப்புப் படித்துவிட்டு, கிழக்குக் கடற்கரை ஓரம் இருந்த, படகு கட்டும் ஒரு சிறிய துறையில் வடிவமைப்புப் பொறியாளராகச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர்களும் நம்மூர்ப் பணக்காரர்களும் பந்தயத்துக்கும் பொழுதுபோக்குக்கும் வாங்கும் உல்லாசப் படகுகள் அங்கே தயாராயின. மாப்ள அப்போது செல்போன் கோபுரங்களுக்கு இழுவைக் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். மலைக்குப் பின்பக்கத்து அடி அண்ணாமலை அவர் ஊர். எவ்வளவு உயரத்தில் நின்றாலும் கை நடுங்காது. என் தங்கையைக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆனபோது, எங்கள் துறையில் ரிக்கிங் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் கம்பிகளையும், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளையும் அளந்து, மாட்டி, முறுக்கேற்றும் வேலைக்குத்தான் ரிக்கிங் என்று பெயர். நான்தான் அவரை அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டேன். அதைப் பல வருடங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றே வருடத்தில் அந்தத் துறையில் அவரைப் போலக் கயிற்றில் கைவைக்க ஆள் கிடையாது என்றானது. ஸ்ப்ளைஸ் என்று ஒரு வேலை உண்டு. கயிற்றின் நுனியை வளையமாக மடித்து, அந்த நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே நீளமாகச் செருகிவிடுவது. இழுக்க இழுக்க, வெளிக்கயிறு உள்ளே போனதை இறுகக் கவ்விக்கொள்ளும். முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். நல்ல ஸ்ப்ளைஸில் இழப்பு மிகவும் கம்மி. உள்ளே போகும் நுனியை இழை இழையாக வெட்டி மெலிதாக்க வேண்டும், எவ்வளவு நீளம் செருக வேண்டும் என்பதில் ஏமாற்றக் கூடாது, கடைசியில் ஊசி நூலால் தைத்துப் பூட்ட வேண்டும். மாப்ள ஒவ்வொன்றையும் முடித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். எங்கோ ஓர் இடத்தில் சின்ன மேடு தட்டுப்பட்டாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்வார்.

அந்த வருடங்களில்தான் பாய்மரப் படகுகளின் உருவம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. அலுமினியப் பாய்மரம் போய்க் கார்பன் இழையில் செய்த மரம் வந்தது. முக்கோணப் பாயின் உச்சி அகலமானது. படகின் பின்பக்கம் விரிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிய கணக்கு ஒன்றுதான்: உச்சியில் இருக்கும் எடையைக் குறை. மேலே ஒரு கிலோ குறைந்தால் படகு காற்றில் சாய்வது குறையும். சாய்வது குறைந்தால் பெரிய பாய் விரிக்கலாம். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த அதுவரை எஃகுக் கம்பிதான். அதற்குப் பதிலாக எஃகைவிட வலுவான, தண்ணீரில் மிதக்குமளவுக்கு லேசான செயற்கை இழைக் கயிறு வந்திருந்தது. எங்கள் துறையில் அந்தக் கயிற்றை மட்டுமே வைத்து ஒரு படகை முழுதாக வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. ராத்தூக்கம் போயிற்று.

அந்தக் கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது லேசில் அறுந்துபோகாது. ஆனால் தொடர்ந்து இழுவையில் இருந்தால், வெயிலும் சேர்ந்துகொண்டால், மெல்ல மெல்ல நீளும். நீண்டது திரும்பச் சுருங்காது; தளர்ந்த கயிறு மரத்தை நிமிர்த்திப் பிடிக்காது. அதனால் பலத்தை மட்டும் பார்த்துத் தடிமனைத் தீர்மானிக்கக் கூடாது, நீளாமல் இருக்க வேண்டுமென்று தேவைக்கு மேலேயே தடிமன் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கயிறு செய்த கம்பெனியின் அட்டவணையில் எல்லாம் இருந்தது. குளிர்நாட்டு வெப்பநிலைக்கு எழுதிய அட்டவணை அது. நான் அதை வைத்து, இரண்டு அளவுகளில் மெலிந்ததைத் தேர்ந்தெடுத்தேன். மெலிந்த கயிறு காற்றைக் குறைவாகத் தடுக்கும், எடையும் கம்மி. வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மாப்ள அந்த அட்டவணையைப் படிக்கவில்லை. பீப்பாயைத் தொங்கவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அந்த மூலைக்கு அழைத்துப் போனார். தூணில் ஆறு கோடுகள்.

"மச்சான், பாருங்க. கயிறு நிக்க மாட்டேங்குது. எறங்கிக்கினே இருக்குது."

"மாப்ள, நீங்க கட்டியிருக்கறது வேற கயிறு. படகுல போறது இதவிட தடி."

"தெரியும். அதுக்கு ஏத்த மாதிரி வெயிட்டத்தான் வெச்சிருக்கேன். கணக்கு நீங்க போட்டுப் பாருங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் ஒரு சைஸ் ஜாஸ்தி போடலாம்."

பக்கத்தில் இரண்டு இளம் பொறியாளர்கள் நின்றிருந்தார்கள். நான் சிரித்தேன். "இது செல்போன் டவர் இல்ல மாப்ள" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிங்க மச்சான்" என்றார். அன்று மாலையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக வந்தது. அதற்குள் வரைபடம் முதலாளியின் மேசைக்குப் போய்விட்டது, கயிறும் கப்பலில் ஏறிவிட்டது. கயிற்றின் முறுக்கை அடிக்கடி சரிபார்த்து இறுக்கினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகு தண்ணீரில் இறங்கிய பிறகு, வாங்கியவரின் வருகைக்காக இரண்டு மாதம் துறையிலேயே கட்டிக் கிடந்தது. ஆடி, ஆவணி வெயில் முழுவதும் அதன் மேல். கடைசியில் அவர் வந்து வெள்ளோட்டம் கிளம்பிய அன்று காற்று நன்றாக இருந்தது. நான் கரையில் பைனாகுலருடன் நின்றிருந்தேன். முறுக்கை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும் என்ற நினைவு காலையில் வந்தது. வாங்கியவர் பக்கத்தில் இருக்கும்போது படகை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. முதல் திருப்பத்தில் காற்று ஓங்கி அடித்தபோது, கார்பன் மரத்தின் நடுப்பகுதி வில்லைப் போலப் பக்கவாட்டில் வளைந்தது. வளைந்தது நிமிரவில்லை. சத்தம் எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

முன்தளத்தில் நின்ற ஊழியர் ஒருவரின் தோளெலும்பு உடைந்தது. ஒடிந்த மரம் அலையில் ஆடி ஆடிப் படகின் வயிற்றைக் குத்த ஆரம்பித்ததால், கயிறுகளைக் கத்தியால் அறுத்து எல்லாவற்றையும் கடலில் விட்டுவிட்டார்கள். மரமும், பாயும், மேல்பக்கத்து ஸ்ப்ளைஸ்கள் அத்தனையும் ஆழத்துக்குப் போயின. தளத்தில் மாட்டியிருந்த கீழ்ப்பக்கத் துண்டுகள் மட்டும் கரைக்கு வந்தன. மாப்ள அவற்றை ஒரு துணியில் சுற்றி என் அறைக்குக் கொண்டுவந்தார். "பாருங்க மச்சான். தையல் நூல் கூட நகரல" என்றார். பார்த்தேன். நகரவில்லைதான்.

விபத்து அறிக்கையை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. சிறிய கம்பெனிகளில் அப்படித்தான். பதினொரு பக்கம் எழுதினேன். காற்றின் வேகம், அலை, பாயின் பரப்பு எல்லாம் வந்தன. கயிற்றின் தடிமனைப் பற்றி, அட்டவணைப்படி போதுமானது என்று ஒரு வரி. அது பொய்யில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். அதன் தமிழ் இது: மேல்பக்க ஸ்ப்ளைஸ்களில் கைவேலைக் குறைபாடு இருந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அதுவும் பொய்யில்லை. கடலுக்கு அடியில் கிடப்பதைப் பற்றி யாரால் எதை மறுக்க முடியும்? யார் மேலும் குற்றம் சொல்லாதது போன்ற ஒரு வாக்கியத்தை அமைக்க எனக்கு அரைநாள் ஆனது. அந்த அரைநாளில் கீழ்த்துண்டுகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன.

முதலாளி தமிழ் தெரியாதவர். மாப்ளயைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் வாசித்தார். மாப்ள பத்தாவதோடு நிறுத்தியவர். வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் தெரியும், இந்த ஆங்கிலம் புரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மச்சான் எழுதியிருக்குது?"

எங்கள் மூவரைத் தவிர அறையில் வேறு யாரும் இல்லை. நான் எழுதிய வாக்கியத்தை நானே அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "மேல இருந்த ஸ்ப்ளைஸ்ல ஏதாவது தப்பு இருந்திருக்கலாம்னு... இல்லன்னு சொல்ல முடியாதாம் மாப்ள" என்றேன். 'முடியாதாம்' என்று சொன்னேன், வேறு யாரோ எழுதியதைப் போல. அறிக்கையின் கடைசியில் என் கையெழுத்து இருந்தது. அது எந்த மொழிக்காரருக்கும் புரியும். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "ஓகே சார்" என்றார்.

அன்றே அவர் வேலை போனது. பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். வேறு படகுத் துறைகளில் பேசிப் பார்க்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன். "வேணாங்க மச்சான். ஊர்ல ஏதாவது பண்ணிக்கிறேன்" என்றார். பஸ் வந்ததும், கையிலிருந்த பையை முதலில் உள்ளே வைத்துவிட்டு, திரும்பி, "நீங்க போங்க, வெயில் ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

அடுத்த படகுக்கான வரைபடத்தில் கயிற்றின் தடிமனை ஓர் அளவு கூட்டினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. அதற்கடுத்த படகிலும் அப்படியே. வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரிக்கிங் என்று எங்கள் துறைக்கு நல்ல பெயர் வந்தது. எனக்கும் வந்தது. சில கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள்.

மரம் ஒடிந்த வருடத்தின் கடைசியில், எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் நான் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மாப்ள வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கை கூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தங்கை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். இரண்டு வயது மகள் அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவரு கவனமில்லாம பண்ணதுல உனக்குத்தான் தலைகுனிவாப் போச்சு. நீ சேத்துவுட்ட எடம். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாசலில் நிற்கும் மனிதர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அவர் வாயைத் திறக்காததே எனக்கு வசதியாகப் போயிற்று. "விடும்மா. ஆனது ஆச்சு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளுடைய கணவரை மன்னித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில், ஒன்பதாம் பக்கத்து வாக்கியத்தைவிட இந்த மூன்று சொற்களை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது.

பதினாறு வருடங்கள் போயின. மாப்ள ஊரிலேயே ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட மைதானங்களிலும் வண்டி நிறுத்தும் இடங்களிலும் இரும்புக் கம்பங்களுக்கு நடுவே துணியை இழுத்துக் கட்டும் நிழற்கூரை வேலை. துணியின் முனைகளை எந்தக் கோணத்தில் இழுத்தால் காற்றில் படபடக்காது என்பது பாய் கட்டியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேங்கிக்கால் பக்கம் அலுவலகங்களுக்கு வரும் ஜனங்கள் இன்று ஒதுங்கி நிற்கும் நிழலில் பாதி அவர் கட்டியது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த நிழலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போவேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாய்மரப் படகு வடிவமைப்பைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். இடுப்பில் தூங்கிய அந்தக் குழந்தை அங்கேதான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "சார், உங்க டிசைன் எப்பவாவது ஃபெயில் ஆகியிருக்குதா?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு நான் பல இடங்களில் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு பழகியிருந்தது. ஒரு படகின் மரம் ஒடிந்த கதையைச் சொன்னேன். ஆராய்ந்து பார்த்ததில் டிசைனில் கோளாறு இல்லை, ஒரு தொழிலாளியின் ஸ்ப்ளைஸ் நழுவியிருக்கலாம் என்றேன். "எவ்வளவு நல்ல டிசைனா இருந்தாலும் கடைசியில ஒரு மனுஷனோட கைய நம்பித்தான் இருக்குது" என்று முடித்தேன். கை தட்டினார்கள். முதல் வரிசையில் அவளைச் சுற்றி எல்லோரும் தட்டினார்கள். அவள் கைகள் மடியில் இருந்தன.

வெளியே காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அந்தத் தொழிலாளி எங்கப்பாதானே?"

கார்ச் சாவியைப் பையில் தேடினேன்.

"எங்கப்பா இதுவரைக்கும் கட்டின கூரை ஒண்ணுகூட நழுவுனதில்ல மாமா. புயலடிச்ச வருஷம் கம்பமே சாஞ்சுது, இவரு கட்டினது அவுழல." அவள் குரலில் சண்டை இல்லை. பாடத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது என்று கேட்பவளைப் போலக் கேட்டாள். "நெஜமாவே நழுவுச்சா?"

"இல்லம்மா" என்றேன். பதினாறு வருடத்தில் முதல்முறை.

மறுநாள் காலை அடி அண்ணாமலைக்குப் போனேன். அதற்கடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையைப் பார்த்த மாதிரி தங்கை ஒரு கடை வைத்திருக்கிறாள். அவளும் மாப்ளயும் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மகள் முந்தின நாளே ஏதாவது சொல்லியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன்; அவள் சொல்லவில்லை, கல்லூரிக்குப் போயிருந்தாள். அந்த வேலையை எனக்கே விட்டுவிட்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாய், கோடுகள், அன்று மாலை போட்ட கணக்கு, இழுப்பறையில் கிடந்த துண்டுகள், ஒன்பதாம் பக்கம். நடுவில் ஒருமுறை மாப்ள, "இப்ப எதுக்கு மச்சான் அதெல்லாம்" என்றார். நான் நிறுத்தவில்லை.

தங்கை என்னைப் பார்க்கவே இல்லை. கணவரைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "அம்மா போய் அப்ப ஒரு வருஷந்தான் ஆயிருந்துது. உனக்குப் பொறந்த வீடுன்னு இருந்தது இவரு ஒருத்தருதான். இதச் சொல்லி அதையும் கெடுத்துட்டா நீ எங்க போவ?"

தங்கை பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"தெனமும் வேலைக்குக் கெளம்பும்போது, பாத்து ஒழுங்காக் கட்டுங்கன்னு சொல்லி அனுப்புவேன். ஒரு நாள் வுட்டதில்ல. அவரும் சரி சரின்னுட்டுப் போவாரு. பதினாறு வருஷமா."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய் மீதிப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள். உள்ளே வா என்றோ, போ என்றோ சொல்லவில்லை. மாப்ளதான் ஒரு பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

பழைய படகுத் துறைக்கு எழுதினேன். மரம் ஒடிந்ததற்கு உண்மையான காரணம் எது என்று தெளிவாக, என் கையெழுத்தோடு. பழைய முதலாளி விற்றுவிட்டுப் போய்விட்டார். புதியவர்களிடமிருந்து, கடிதம் கிடைத்தது, பழைய கோப்புகள் இப்போது இல்லை என்று இரண்டு வரி வந்தது. அந்தக் கல்லூரிக்கும் போய், அதே அரங்கில், அதே கேள்விக்கு வேறு பதில் சொன்னேன். பாதிப் பேர் புதிய மாணவர்கள்; எதைத் திருத்துகிறேன் என்றே அவர்களுக்குப் புரியவில்லை. இதையெல்லாம் செய்தேன் என்று இங்கே எழுதும்போதே, நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. செய்தவன் நான். அதைச் சொல்லிவிட்டதற்காக எனக்கு எந்தப் பங்கும் சேர வேண்டியதில்லை.

தை பிறப்பதற்கு முன் தங்கை வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோவது வழக்கம். பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு, ஒரு புடவை. அந்த வருடம் தங்கை போன் செய்து, "இந்த வருஷம் வேணாம் அண்ணா" என்றாள். நான் போகவில்லை. இந்த வருடம் மாப்ள கூப்பிட்டார். "கெளம்பி வாங்க மச்சான். அவ கூப்பிட மாட்டா. வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

வாசல் தெளித்துப் புள்ளி வைத்திருந்தது. தங்கை எதிரில் வந்து நின்றாள். தாம்பாளத்தை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவருகிட்ட குடு" என்றாள்.

சீர்த்தட்டை அண்ணன் தங்கை கையில்தான் கொடுப்பான். மாப்பிள்ளை தள்ளி நின்று பார்ப்பார். எங்கள் வீடுகளில் வேறு மாதிரி நான் கண்டதில்லை. திரும்பி அவர் முன்னால் நின்றேன். அவர் அப்போதுதான் ஏதோ வேலையிலிருந்து வந்திருந்தார். இரண்டு கைகளையும் லுங்கியில் துடைத்துக்கொண்டு தட்டுக்கு அடியில் கொடுத்தார். நல்ல கனம். என் விரல்களும் அவர் விரல்களும் ஒரே விளிம்பில் இருந்தன. ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வெல்லத்தையும் மஞ்சள்கொத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டை விடாமல்.

"விடுங்க மச்சான்" என்றார் மெதுவாக. "நான் புடிச்சிக்கினேன்."